கிளாண்ட் ஒழுகினால் யார் பொறுப்பு?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போவதில்லை. காசிமேடு முதல் தூத்துக்குடி வரை படகுகளைக் கரையேற்றி, பழுது பார்த்து, வண்ணம் அடித்து, இன்ஜினைப் பிரித்துச் சேர்த்து, வருடம் முழுக்கத் தள்ளிப்போட்ட வேலைகளையெல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் அடைத்துவிடுகிறார்கள். அதில் செலவு குறைந்தது, அரை நாளில் முடிவது, உரிமையாளர் பெரும்பாலும் நின்று பார்க்காதது ஒரு வேலை: புரொப்பெல்லர் ஷாஃப்ட் படகின் உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் கடல்நீர் உள்ளே வராமல் அடைக்கும் கிளாண்டைச் சரிசெய்வது. பழைய கயிற்றைப் பிடுங்கு, புதுக் கயிறு வை, நட்டை முறுக்கு, அவ்வளவுதான். ஜூன் பாதியில் படகு இறங்கும். ஆகஸ்டில் மறுபடி ஒழுகும். மறுபடி நட்டை முறுக்குவார்கள். இப்படி ஒரே இடம் திரும்பத் திரும்ப ஒழுகினால் குற்றத்தைக் கயிற்றின் மேல் போடுவது வழக்கம். உண்மையில் அடிபடுவது கயிறு. அடிப்பது, ஷாஃப்ட்டும் இன்ஜினும் ஒரே கோட்டில் இல்லாத கோளாறு. அந்தக் கோட்டை எண்ணால் அளந்து எழுதி வாங்காத உரிமையாளருக்குக் கடலில் பாதுகாப்பு குறைகிறது. அதைவிட, நுகர்வோர் ஆணையத்திலும் இன்ஷூரன்ஸ் அலுவலகத்திலும் அவர் கையில் பிடிக்க எதுவும் இருப்பதில்லை.

அமைப்பு எளிமையானதுதான். இன்ஜின், அதன் பின்னால் கியர்பாக்ஸ், அதன் முகத்தில் ஒரு வட்டத் தட்டு. ஷாஃப்ட்டின் முனையில் அதே போல இன்னொரு தட்டு. இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து போல்ட் போட்டால் அது கப்ளிங். அங்கிருந்து ஷாஃப்ட் ஒரு குழாய் வழியாகப் படகின் பின்புறத்தைத் தாண்டி, வெளிமுனையில் ஒரு புஷ்ஷில் தாங்கப்பட்டு, புரொப்பெல்லரில் முடிகிறது. குழாயின் உள்முனையில்தான் கிளாண்ட். அதற்குள் மூன்று நான்கு வளையமாகக் கொழுப்போ டெஃப்லானோ ஏற்றிய சதுரக் கயிறு. அதை ஒரு மூடி இரண்டு நட்டுகளால் அழுத்துகிறது. இந்தக் கயிறு தண்ணீரை முழுதாக அடைப்பதற்கு வைத்ததல்ல. ஷாஃப்ட் சுற்றும்போது சொட்டுச் சொட்டாக நீர் கசிந்தால்தான் கயிறு குளிர்ந்து, வழுவழுப்பாக இருக்கும். ஒரு சொட்டுகூட வராதபடி முறுக்கினால் கயிறு கருகும். ஷாஃப்ட்டில் மோதிரம் மோதிரமாகப் பள்ளம் விழும். வினாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு நாளில் நான்கு லிட்டர் சொச்சம்தான் சேரும். சிறிய பம்ப் சில நிமிடத்தில் இறைத்துவிடும். ஆகவே சொட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நேற்று சொட்டாக இருந்தது இன்று ஒழுக்காக மாறினால்தான் கவலைப்பட வேண்டும். கிளாண்டின் மேல் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறினாலும் அப்படியே.

கயிற்றை வைக்கும் முறையிலும் தவறு நடக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே நீளக் கயிற்றைச் சுருளாகச் சுற்றித் திணிப்பது வேகமான வேலை. ஆனால் தண்ணீர் அந்தச் சுருள் வழியே படி இறங்குவது போல உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு வளையமும் தனித்தனியாக வெட்டப்பட வேண்டும், ஒன்றின் இணைப்பு மேலே என்றால் அடுத்ததன் இணைப்பு வேறு பக்கம் திரும்ப வேண்டும். கயிற்றின் பருமன் ஷாஃப்ட்டுக்கும் கிளாண்ட் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியோடு ஒத்திருக்க வேண்டும். இதெல்லாம் சரியாகச் செய்த கிளாண்டும் இரண்டு மாதத்தில் ஒழுகுகிறதென்றால், கயிற்றை விட்டுவிட்டு ஷாஃப்ட்டைப் பார்க்க வேண்டும். கோணலான ஷாஃப்ட் தன் மையத்தில் நின்று சுற்றாது. ஒரு சிறு வட்டம் போட்டுக்கொண்டே சுற்றும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை கயிற்றை ஒரு பக்கம் நசுக்கி, மறுபக்கம் இடைவெளி விடும். கயிறு நீள்வட்டமாகத் தேயும். வெளிமுனைப் புஷ்ஷும் ஒரு பக்கமே தேயும். புஷ் தேய்ந்தால் ஷாஃப்ட் இன்னும் ஆடும், கிளாண்ட் இன்னும் தேயும், கியர்பாக்ஸின் பின் சீலில் எண்ணெய் கசியத் தொடங்கும். நட்டை முறுக்குவது இந்தச் சங்கிலியில் எதையும் நிறுத்துவதில்லை. சத்தத்தை அடக்குகிறது, அவ்வளவே.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு கணக்கு. 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட், அதைச் சுற்றி 60 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய், நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே. கிளாண்ட் மூடி கழன்று கயிறு வெளியே வந்துவிட்டால், இடையில் உள்ள அந்த 5 மில்லிமீட்டர் வளையத்தின் வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 லிட்டர் உள்ளே வரும். கப்ளிங் திருகுகள் தளர்ந்து, ரிவர்ஸ் போடும்போது ஷாஃப்ட்டே பின்னால் நழுவி வெளியேறிவிட்டால் அந்த முழுத் துளையில் நிமிடத்துக்கு 400 லிட்டரைத் தாண்டும். ஒரு மணி நேரத்தில் 24 டன்னுக்கு மேல். விசைப்படகில் உள்ள சாதாரண மின்பம்ப் எதுவும் இதற்கு ஈடு கொடுக்காது; அதிலும் தண்ணீர் பேட்டரி மட்டத்தைத் தொட்டால் பம்பும் நிற்கும், வயர்லெஸ்ஸும் நிற்கும். ஷாஃப்ட் முழுதாக வெளியேறுவது அரிது என்பது உண்மை. ஷாஃப்ட்டின் மேல், கப்ளிங்குக்கும் கிளாண்டுக்கும் நடுவில் ஒரு வளையத்தைப் பிடித்து இறுக்கி வைத்தால் அது நழுவினாலும் கிளாண்டில் மாட்டி நிற்கும். சில நூறு ரூபாய் வேலை. போட்டிருக்கிறார்களா என்று இன்ஜின் அறையில் டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும்.

அளவுக்கு வருவோம், ஏனென்றால் மற்ற எல்லாம் இதைச் சுற்றித்தான். கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு தட்டுகளையும் ஒன்றோடொன்று தொடுமளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு தட்டின் விளிம்பு மற்றதற்குள் கையால் தள்ளினாலே சிக்கில்லாமல் பொருந்த வேண்டும். கடப்பாரை போட்டு நெம்ப வேண்டியிருந்தால் அங்கேயே கோளாறு தெரிந்துவிட்டது. பிறகு ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை இரண்டு முகங்களுக்கும் நடுவே மேலே, கீழே, இடப்பக்கம், வலப்பக்கம் என நான்கு இடத்தில் நுழைத்துப் பார்க்க வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் ஒரு தவ் என்பார்கள். கப்ளிங்கின் விட்டம் எத்தனை அங்குலமோ, அதிகபட்ச இடைவெளிக்கும் குறைந்தபட்ச இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம் அத்தனை தவ்வைத் தாண்டக் கூடாது என்பது படகுத் தொழிலில் பரவலாகப் பின்பற்றப்படும் விதி. 6 அங்குலக் கப்ளிங் என்றால் 6 தவ், அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர். இன்ஜின் தயாரிப்பாளர் இதைவிடக் குறைவாகக் கேட்டால் அவர் சொன்னதே கணக்கு. அளவெடுக்கும்போது ஷாஃப்ட்டின் முனை தன் எடையால் தொங்குவதையும் கவனிக்க வேண்டும். தாங்கல் கொடுக்காமல் அளந்தால் எண்கள் பொய் சொல்லும்.

அதோடு அளவு முடிவதில்லை. இன்ஜின் பக்கத் தட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஷாஃப்ட்டை மட்டும் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பி மறுபடி நான்கு இடத்திலும் பார்க்க வேண்டும். அகலமான இடைவெளி எப்போதும் கீழேயே இருந்தால் இன்ஜினைத் தூக்கவோ இறக்கவோ வேண்டும். காலடியில் ஷிம் தகடு வைத்தோ மவுண்ட் நட்டைத் திருப்பியோ சரிசெய்யலாம். ஷாஃப்ட் திரும்பும்போது இடைவெளியும் கூடவே சுற்றி வந்தால், இன்ஜினைத் தொட்டுப் பயனில்லை. ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது கப்ளிங் முகம் சதுரமாக இல்லை. அது லேத்துக்குப் போக வேண்டிய வேலை. ஒரே சோதனை இரண்டு நோயையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. இதைச் செய்யாமல் இன்ஜின் கால்களை மாற்றி மாற்றி முறுக்கிவிட்டு சரியாகிவிட்டது என்று சொல்பவர், வேலையை முடிக்கவில்லை, கையை மட்டும் கழுவிக்கொண்டிருக்கிறார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். படகு இரும்புப் பாலம் இல்லை. மரமும் ஃபைபரும் வளையும், ஐஸ் ஏற்றினால் ஒரு மாதிரி, மீனோடு திரும்பினால் ஒரு மாதிரி, அலையில் இன்னொரு மாதிரி. பிறகு மயிரிழை அளவுக்கு அளந்து என்ன லாபம்? வளையும் என்பது சரி. அதனால்தான் கரையில் கட்டை மேல் உட்கார்ந்திருக்கும் படகில் எடுத்த அளவு கடைசி அளவாக இருக்க முடியாது. கட்டை தாங்கும் இடத்தில் ஒரு வடிவம், தண்ணீர் தாங்கும்போது வேறு வடிவம். கரையில் தோராயமாகச் சேர்த்து வைத்து, படகை இறக்கி, உடல் தண்ணீருக்குப் பழகும்படி குறைந்தது ஓரிரு நாள் விட்டு (மரப்படகென்றால் பலகை ஊறுவதற்கு இன்னும் கூடுதலாக விட்டு), டீசலும் வழக்கமான சுமையும் ஏற்றிய நிலையில் இறுதி அளவு எடுக்க வேண்டும். வளையும் உடலில்தான் தொடக்கப் புள்ளி சரியாக இருப்பது முக்கியம். நடுக்கோட்டில் தொடங்கினால் சுமை மாறும்போது இரு பக்கமும் கொஞ்சம் விலகித் திரும்பும். 20 தவ் கோணலில் தொடங்கினால் ஒவ்வொரு வளைவும் ஏற்கெனவே வளைந்ததன் மேல் ஏறும். தடைக்காலம் முடியும் வாரத்தில் எல்லோரும் ஒரே நாளில் இறங்கத் துடிக்கும்போது இந்த இரண்டு நாள் காத்திருப்பைக் கேட்பது கடினம் என்பதும் தெரிந்ததுதான். மே மாதக் கடைசியிலேயே இறக்குவது என்று திட்டமிடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இன்னொரு மறுப்பு புதுச் சரக்கு விற்பவர்களிடமிருந்து வருகிறது: கயிற்றையே தூக்கிப்போடுங்கள், சொட்டே இல்லாத சீல் வந்துவிட்டதே. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்ஜின் பொருத்திய பாய்மரப் படகுகளில் இவை பல ஆண்டுகளாகப் புழங்குகின்றன. ஒரு வகையில், ரப்பர் துருத்தி ஒன்று ஒரு கார்பன் வளையத்தைப் பிடித்து அழுத்த, ஷாஃப்ட்டோடு சுற்றும் எஃகு வளையம் அதன் முகத்தில் உரசி நீரை அடைக்கிறது. இன்னொரு வகையில் ரப்பர் உதடுகள் ஷாஃப்ட்டைக் கவ்வுகின்றன. நல்ல சாதனங்கள், இன்ஜின் அறை உலர்ந்து கிடக்கும். ஆனால் அவற்றின் கையேடுகள் எதை வலியுறுத்துகின்றன என்று பாருங்கள். எஃகு வளையத்தை எத்தனை மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் துருத்தியை அழுத்த வேண்டும் என்று ஷாஃப்ட் அளவுக்குத் தகுந்தபடி அட்டவணை உண்டு. கண் மதிப்பில் செய்தால் போதாது. வளையத்தைப் பிடிக்கும் சிறு திருகுகளை ஒரு முறை கழற்றினால் புதிது போட வேண்டும். படகு இறங்கியதும் சீலுக்குள் அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லையென்றால் தண்ணீரில்லாமல் உரசிச் சூடேறும். துருத்தி ரப்பரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஷாஃப்ட் அலைன்மென்ட் சரியாக இருக்க வேண்டும் என்பதும் அந்த நிபந்தனைகளில் ஒன்று. ஆக, புதுச் சீல் அளவெடுக்கும் வேலையிலிருந்து விடுவிப்பதில்லை. கயிறு தன் நோயைச் சொட்டுச் சொட்டாக மாதக்கணக்கில் சொல்லும். துருத்தி பேசாமல் இருந்து ஒரு நாள் கிழியும். மணலும் சேறும் கலக்கும் துறைமுக வாயில்களிலும் வலைக்கயிறு புரொப்பெல்லரில் சுற்றும் தொழிலிலும் கயிற்றுக் கிளாண்டே பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதில்கூட கிராஃபைட் கயிற்றைத் துருப்பிடிக்காத எஃகு ஷாஃப்ட்டில் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். கடல்நீரில் அந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு மின்கலம் உண்டாகி ஷாஃப்ட்டை அரிக்கும்.

இனி உரிமை. இன்ஜின் மெக்கானிக்கிடமோ பட்டறையிடமோ பணம் கொடுத்துச் செய்யும் இந்த வேலை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பேசும் ‘சேவை’. சேவைக் குறைபாடு என்றால் என்ன என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில், ஒப்பந்தப்படி செய்வதாக ஏற்றுக்கொண்ட வேலையின் தரத்திலும் செய்முறையிலும் உள்ள குறையும் அடங்கும். இந்த இடத்தைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘கிளாண்ட் வேலை பார்த்தது’ என்று ஒரு வரி மட்டும் பில்லில் இருந்தால் என்ன ஏற்றுக்கொண்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘தண்ணீரில் இறக்கியபின் கப்ளிங் இடைவெளி வித்தியாசம் 6 தவ்வுக்குள்’ என்று எழுதியிருந்தால், பிறகு இன்னொருவர் வந்து அளந்து 25 தவ் காட்டும்போது குறைபாடு கண்ணுக்குத் தெரியும் பொருளாகிவிடுகிறது. புகார் கொடுப்பவரே குறைபாட்டை நிரூபிக்க வேண்டும் என்பது நுகர்வோர் வழக்குகளில் அடிப்படை விதி. நம் படகுக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் நியாயம் இல்லாததால் அல்ல, எண் இல்லாததால். பில்லே தர மறுத்தால்? முறைப்படி பில் தராததையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 2(47).

‘மீன்பிடிப்பது வியாபாரம், வியாபாரத்துக்கு வாங்கியதற்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். வணிக நோக்கத்துக்கான சேவை விலக்கப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே ஒரு விளக்கம் தருகிறது. அந்த விளக்கம் பொருட்களைப் பற்றிப் பேசுகிறது என்பதால் சேவைக்கு அதை எவ்வளவு நீட்டுவது என்று வாதம் எழலாம். கயிறும் சீலும் புஷ்ஷும் பட்டறையிலேயே வாங்கியவை என்றால் அவற்றையும் பில்லில் தனித்தனியாகக் காட்டச் சொல்வது இதற்காகவும்தான். உச்ச நீதிமன்றம் 1995இல் லட்சுமி என்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கில், தானே இயக்கிப் பிழைப்பவர் உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோராகவே இருப்பார் என்று விளக்கியது. ஒற்றைப் படகு வைத்துத் தானும் கடலுக்குப் போகிறவருக்கு இது பலமான ஆதாரம். ஐந்தாறு படகு வைத்துக் கரையிலிருந்து நடத்துகிறவருக்கு அந்தப் பலம் கிடையாது. அவர் ஒப்பந்த மீறல் என்று உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கேயும் கேட்கப்படுவது அதே காகிதம்தான்.

கட்டணம் பற்றிய பயம் தேவையில்லாதது. எந்த ஆணையம் விசாரிக்கும், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் கேட்கும் இழப்பீட்டை வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. நீங்கள் கொடுத்த தொகையை வைத்துத்தான். 50 லட்சம் வரை கொடுத்திருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இந்த ஏற்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உறுதிசெய்திருக்கிறது. 15,000 ரூபாய் கொடுத்துச் செய்த வேலையின் குறையால் இன்ஜின் அறை மூழ்கி 20 லட்சம் நஷ்டம் என்றாலும் மாவட்ட ஆணையத்திலேயே, கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அதற்கு 15,000 கொடுத்ததற்கான ரசீது வேண்டும். கையில் கொடுத்துக் கையில் வாங்கிய பணத்துக்கு இந்தச் சலுகை கிடைப்பது கஷ்டம். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பேசிப் பார்க்கலாம். இணையம் வழியாகவும் புகாரைத் தாக்கல் செய்ய வசதி உண்டு.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள், கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 1963ஐ ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். பாலிசியில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, சாதாரணத் தேய்மானத்துக்கும் சாதாரண ஒழுக்குக்கும் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்கிறது பிரிவு 55. அதே பிரிவு, கடல் ஆபத்தை உடனடிக் காரணமாகக் கொள்ளாத இயந்திரச் சேதத்தையும் விலக்குகிறது. படகு மூழ்கியபின் வரும் சர்வேயர் முதலில் பார்க்கும் இடங்களில் கிளாண்ட் ஒன்று. ஒரு பக்கமே தேய்ந்த புஷ், நீள்வட்டமான கயிறு, மோதிரப் பள்ளம் விழுந்த ஷாஃப்ட் ஆகியவற்றைக் கண்டால் ‘நீண்டகாலத் தேய்மானம்’ என்று எழுதுவது அவருக்கு எளிது. மே மாதத்தில் புதுக் கயிறு, புது புஷ், இன்ன அளவு என்று தேதியோடு எழுதிய தாள் இருந்தால் அந்த முடிவை எதிர்த்துப் பேச இடம் கிடைக்கிறது: மூன்று மாதத்தில் இவ்வளவு தேய்மானம் வர வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும், நீரில் மிதந்த கட்டையில் மோதியதா, வலை சுற்றியதா என்று விசாரணை வேறு திசைக்குத் திரும்பும்.

இதற்கு எதிராகச் சிலர் சொல்வது கொஞ்சம் கூர்மையானது. எழுதி வைத்தால் அதே காகிதம் நம்மையே குத்தாதா? அளவு சரியில்லை என்று மெக்கானிக் எழுதிக்கொடுத்தபின் படகு போய் மூழ்கினால், தெரிந்தே அனுப்பினாய் என்பார்களே? என்பார்கள்தான். குறிப்பிட்ட காலத்துக்கான பாலிசியில் படகு கடலுக்குத் தகுதியானது என்ற உத்தரவாதம் தானாக இருப்பதாகச் சட்டம் கருதுவதில்லை. ஆனால் தகுதியற்றது என்று உரிமையாளருக்குத் தெரிந்தே படகை அனுப்பினால், அந்தத் தகுதியின்மையால் வந்த நஷ்டத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்கிறது பிரிவு 41. எனவே அந்தத் தாள் இரண்டு பக்கமும் கூருள்ளது. அது உரிமையாளரைச் செலவு செய்ய வைக்கும், அல்லது படகைக் கட்டிப்போட வைக்கும். அறியாமையைக் கேடயமாக வைத்துக்கொள்ளலாமே என்று கணக்குப் போடுகிறவர் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: டிரைவரும் கூலியாட்களும் மாதக்கணக்கில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த படகில் உரிமையாளருக்குத் தெரியாது என்பதை ஆணையமோ நீதிமன்றமோ எளிதில் நம்பாது. படகில் எட்டுப் பேர் இருக்கும்போது அந்த அறியாமைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று தேடுவதே எனக்குச் சகிக்கவில்லை.

விபத்து நடந்துவிட்டால் முதல் சில மணி நேரம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கடலில் திடீரென்று ஒழுக்கு கூடினால் இன்ஜினை நிறுத்த வேண்டும். ஷாஃப்ட் நின்றாலே பாதி அடங்கும். கிளாண்டின் இரண்டு நட்டையும் சமமாக, கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கலாம். ஒரு பக்கம் மட்டும் முறுக்கினால் மூடி சாய்ந்து நிலைமை மோசமாகும். கயிறு போய்விட்டிருந்தால் சைக்கிள் டியூபோ எண்ணெய்த் துணியோ சுற்றிக் கம்பி கட்டி நீரைக் குறைக்கலாம். கூடவே விஎச்எஃப் 16ஆம் சேனலிலும், சிக்னல் இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணிலும் நிலையையும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் கட்டுக்குள் வந்தால் அழைப்பை ரத்து செய்துகொள்ளலாம். கரைக்கு வந்தபின் பலர் செய்யும் தவறு, அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றிப் புதிது போட்டுவிடுவது. நஷ்டம் மேலும் பெருகாமல் தடுப்பது காப்பீடு எடுத்தவரின் கடமை, ஆகவே நீரை அடைக்கலாம், இறைக்கலாம். ஆனால் சர்வேயர் பார்க்கும்வரை கப்ளிங்கைப் பிரிக்கக் கூடாது; பிரித்தே ஆக வேண்டுமென்றால் நான்கு இடத்து இடைவெளியையும் ஃபீலர் கேஜோடு படம் எடுத்து, பழைய கயிறு, புஷ், திருகு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைக்க வேண்டும். நிறுவனத்துக்கு அன்றே எழுத்தில் தகவல். மீன்வளத் துறைக்கும் கடலோரக் காவல் நிலையத்துக்கும் மனு கொடுத்து ஒப்புதல் சீட்டு.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். மறுப்புக் கடிதத்தின் ஒரு வரியை வைத்துச் சண்டை போட முடியாது. நிறுவனத்துக்கே முதலில் எழுத்தில் முறையிட்டு, ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனிநபர், தனிஉரிமைத் தொழில், குறுந்தொழில் ஆகியோரின் பாலிசிகளுக்கு 50 லட்சம் வரை அவர் தீர்வு வழங்கலாம், கட்டணம் கிடையாது, மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும், தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நுகர்வோர் ஆணையமும் திறந்தே இருக்கிறது. தொழில் நடத்துகிறவர் எடுத்த இன்ஷூரன்ஸ் என்பதாலேயே அது வணிக நோக்கம் ஆகிவிடாது, நஷ்டத்தை ஈடுகட்டுவது லாபம் ஈட்டும் செயலல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. பல படகு வைத்திருப்பவருக்கும் இந்தத் தீர்ப்பு கைகொடுக்கும்.

கடைசியாக மெக்கானிக் பக்கம். எண் எழுதிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், முப்பது வருடம் கையால் பார்த்தவருக்குக் காகிதம் எதற்கு என்பார்கள். கைப்பழக்கம் பெரிய சொத்துதான். ஷாஃப்ட்டைச் சுற்றிப் பார்த்தே கோணலைச் சொல்லிவிடும் ஆட்கள் நம் துறைமுகங்களில் உண்டு. ஆனால் அந்தக் கை கண்டுபிடித்ததை ஃபீலர் கேஜ் உறுதிசெய்யப் பத்து நிமிடம் போதும், கருவியின் விலையும் சில நூறு ரூபாய்தான். தாளில் தேவைப்படுவதும் கொஞ்சமே: தேதி, படகு கரையிலா தண்ணீரிலா, டீசல் எவ்வளவு இருந்தது, கப்ளிங் விட்டம், நான்கு இடத்து இடைவெளி, ஷாஃப்ட்டைத் திருப்பியபின் அதே நான்கு, வைத்த கயிற்றின் வகையும் அளவும், இருவர் கையெழுத்து. செப்டம்பரில் யாரோ வீசிய வலைக்கயிறு புரொப்பெல்லரில் சுற்றி ஷாஃப்ட் வளைந்து, அந்த ஒழுக்குக்கு மே மாத வேலையைக் காரணம் காட்டி உரிமையாளர் பட்டறை வாசலில் வந்து நின்றால், தன் வேலை எந்த நிலையில் கைமாறியது என்று காட்ட மெக்கானிக்குக்கும் அந்தத் தாளைத் தவிர வேறு சாட்சி கிடையாது.